நீ தட்டிப் பார்த்த வூஃபர்

மக்கா,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நீ ஆபீஸுக்குப் போயிருக்கிறாய். உன் அப்பா சாலைக் கம்போளச் சந்தையில் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். சாயங்காலம் நீங்கள் இருவரும் வந்த பிறகு இதை வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னோடு யார் எது பேசினாலும் கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறது. ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று உன் அப்பா என்னிடம் சொன்னால் கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லா வீட்டுக்கும் அது தெரிந்துவிடுகிறது. நான் மெதுவாகச் சொல்லிவிடலாம். நீ பதில் சொல்லும்போது கத்தவேண்டுமே. இது கத்திப் பேசக்கூடிய விஷயம் இல்லை. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன் காதில் விழவேண்டிய ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிக்கொண்டு வந்தால்தான் மற்றது உனக்குப் புரியும்.

உன்னைப் பெற்ற பிறகுதான் என் காது மந்தமாகத் தொடங்கியது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் போனது கனத்த சத்தங்கள். உரலில் உலக்கை விழுகிற சத்தம், ஆற்றங்கரைக் கோயிலில் அடிக்கிற முரசு, உன் அப்பாவின் குரல். தொட்டிலில் நீ அழுவது கேட்கும். குழந்தையை எடு என்று அவர் அடுத்த அறையிலிருந்து சொல்வது கேட்காது. கொலுசும், மணியும், டம்ளர் உருள்வதும் வெகுகாலம் என்னோடு இருந்தன. என் பெரியம்மாவுக்கும் இதே மாதிரிதான் போயிற்று. ஆனால் எனக்குச் சம்பந்தம் பேசும்போது இதைப் பற்றி உன் அப்பா வீட்டாரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பெண்ணுக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று என் வீட்டில் நினைத்துவிட்டார்கள். அதனால் கேட்காமல் போகத் தொடங்கியபோது நான் அதை ஒரு திருட்டுப் பொருளைப் போல ஒளித்து வைத்தேன். நாலு பேர் சிரித்தால் நானும் சிரித்தேன். என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே தலையாட்டினேன். உன் அத்தைமார் என்னிடம் ஏதோ கேட்பார்கள். உதட்டைப் பார்த்து உத்தேசமாகப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் முகம் சுருங்குகிறதா என்று கவனிப்பேன். சுருங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருஷங்களில் நான் பட்டது காதில்லாத கஷ்டம் இல்லை மக்கா, பிடிபட்டுவிடுவோம் என்கிற கஷ்டம்.

பிறகு உன் மாமா. என் தம்பிக்கு இந்த வீட்டில் எத்தனை செல்லம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கரமனை ஆற்றில் இறங்குவான். அவனுக்கும் காது போய்க்கொண்டிருந்தது; எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், வேறு யாரிடமும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பாலத்தின் மேல் அவனை லாரி அடித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். டிரைவர் நல்ல மனிதன். நம் வாசலில் வந்து நின்று அழுதான். நெடுகிலும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தேன், இந்த ஆள் நடுவிலிருந்து விலகவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதட்டில் பார்த்தேன். ஊரில் எல்லோரும், பாவம், ஏதோ யோசனையில் நடந்திருக்கிறான் என்றார்கள். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்த்தது ஒரு தாய் பார்க்கிற மாதிரி மட்டும் இல்லை. காவல்காரன் பார்க்கிற மாதிரியும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலேஜில் சேர்ந்தாய், லைப்ரரியில் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படித்தாய், ரேடியோப் பைத்தியம் பிடித்தது. செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து எட்டு அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி, தேயிலைப் பெட்டிப் பலகையில் வட்டமாக அறுத்து மாட்டினாய். ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் அடைத்தால் குடத்துக்குள் பேசுவது மாதிரி இருக்கும், திறந்த பலகையில் மாட்டினால் மனுஷன் பேசுவது மாதிரியே இருக்கும் என்று என் முன்னால் வந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னாய். எனக்குப் புரியவேண்டும் என்று எப்போதும் அப்படித்தான் பேசுவாய். உன் மாதிரி என்னிடம் பேச இந்த வீட்டில் ஆளில்லை.

அந்த முதல் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்த அன்று உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கச்சேரி முடியும்வரை கேட்டார். உனக்குத் திருப்தியில்லை.

“எம்மா, இதுல கனம் பத்தல்ல. மிருதங்கத்துக்க எடது பக்கம் வரவே இல்ல” என்றாய்.

“எலே, நல்லாத்தானே கேக்கு? இன்னும் என்ன வேணும் ஒனக்கு?” என்றார் அப்பா.

தாழ்ந்த சுரங்களுக்கென்று தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு, அதற்கு வூஃபர் என்று பெயர் என்று நீ விளக்கினாய். வூப்பராவது மண்ணாவது என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் மட்டும் நீ சொன்னதிலேயே நின்றுவிட்டேன். மிருதங்கத்தின் இடது பக்கம். எனக்கு முதலில் போனதும் அதுதான். ஆனால் ஸ்பீக்கர் சின்னது, பலகை சின்னது, பையன் கெட்டிக்காரன், சரியாகத்தான் சொல்வான் என்று மனசை அடக்கினேன். நீ பத்து அங்குலம் வாங்கி மாட்டினாய். அப்பாவின் புருவம் உயர்ந்தது. ஜன்னல் கம்பி அதிர்கிறது என்றார். நீ பலகையில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்து, “இன்னும் பத்தல்ல” என்றாய்.

அந்த வருஷம்தான் கோயிலில் வைத்து அக்ரஹாரத்து மாமி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க பிள்ளை எத்தனை மெதுவாப் பேசறான்! இந்தக் காலத்துப் பையன்கள் மாதிரி இல்லை. குரலே எழும்பறதில்லை, பொண்ணுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்” என்றாள். பெருமையாகச் சொன்னாள். எனக்குக் காலடியில் கல் நழுவின மாதிரி இருந்தது. என்னையும் அதே வார்த்தை சொல்லித்தான் புகழ்ந்தார்கள். இந்த வியாதிக்காரர்கள் கத்திப் பேச மாட்டார்கள். அவர்களுடைய குரல் அவர்களுடைய மண்டைக்குள்ளேயே உரக்கக் கேட்கும், அதனால் தணித்துப் பேசுவார்கள். மற்ற செவிடர்களைப் போல இல்லை நாங்கள். உன் குரல் எழும்பவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எந்தக் குரலும் தெரியாதே. வேறொருத்தி வந்து சொல்லவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து உன்னைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதிக்கொண்டிருக்கும்போது உன் முதுகுக்குப் பின்னால் அம்மிக் குழவியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். நீ திரும்பவில்லை. கரண்டியைப் போட்டேன். உடனே திரும்பினாய். கனத்தது கேட்கவில்லை, கூர்மையானது கேட்கிறது. ஒருவேளை குழவியை நான் மெதுவாக வைத்துவிட்டேனோ, எனக்குத்தான் அது எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரியாதே. மறுபடி ஓங்கி வைத்தேன், நீ அசையவில்லை. உன் அப்பா வாசலிலிருந்து வந்து, “என்னத்தப் போட்டு ஒடைக்கே?” என்று கேட்டார். அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் சிரித்துச் சமாளித்தேன். உன்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்கிற பயம்.

அப்புறம் நீ வேலையில் சேர்ந்தாய். ஒரு சினிமாக் கொட்டகையில் பழைய ஸ்பீக்கர்களை மாற்றுகிறார்கள், பன்னிரண்டு அங்குல வூஃபர்கள் தங்கப்பன் கடைக்கு வந்திருக்கின்றன, நீயும் வா எம்மா என்று என்னை அழைத்தாய். சாலைக் கம்போளத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிற தங்கப்பனை எனக்குப் பிடிக்கும். அந்த இரைச்சலில் எல்லோரும் தொண்டை கிழியப் பேசுவதால் எனக்குக் கம்போளத்தில்தான் நன்றாகக் கேட்கும். வூஃபர்களை மேஜை மேல் மல்லாத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டைவிடப் பெரிது. நடுவில் கறுத்த காகிதக் கூம்பு. கரண்ட் கொடுத்தால்தான் காந்தமாகிற ஒரு ரகம் இருந்தது. அதற்கு நிறைய கரண்ட் வேண்டும், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும் என்றதும் அதை வேண்டாம் என்று நான் தள்ளிவிட்டேன். மற்றவற்றில் நீ தேடினாய்.

“பெட்டி உண்டெங்கில் உள்ளே இருக்கிற காத்து கூம்பைத் தாங்கும் மோனே. திறந்த பலகைக்குத் தாங்க ஆளில்ல. அது தனியே நிக்கணும்” என்றார் தங்கப்பன், தன் மலையாளத் தமிழில். “ஓரம் நல்லா இளகி இருக்கணும், காந்தம் பலமா இருக்கணும். விரல் வச்சுத் தட்டிப் பாரு. எது தாழ்ந்த சுரத்தில பேசுதோ அதை எடு. உள்ளே ஒரசல் உண்டோன்னு சிரத்திச்சுக் கேளு.”

நீ ஒவ்வொன்றாகக் காதோடு தூக்கிப் பிடித்துத் தட்டினாய். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றைத் தட்டிவிட்டு மறுபடி தட்டினாய், கூம்பை அழுத்திவிட்டுக் காதை வைத்தாய். கடைசியில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைத்தாய்.  தங்கப்பன் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று உடனே புரியவில்லை. நான் கை நீட்டி, நீ ஒதுக்கி வைத்த வூஃபர்களின் கூம்பை இரண்டு பெருவிரலாலும் மெதுவாக அழுத்தி விட்டேன். முதலாவது வெண்ணெய் மாதிரி உள்ளே போய் வந்தது. இரண்டாவது போகும்போதும் வரும்போதும் உள்ளுக்குள் எங்கோ உரசியது. அம்மிமேல் குழவி இழுபடுகிற மாதிரி விரல் நுனிக்குத் தெரிந்தது.

“இது வேண்டாம் மக்கா” என்றேன்.

“ஏன்? நல்லாத்தானே இருக்கு. ஒரசல் ஒண்ணும் கேக்கல்லியே.”

“விரலை வச்சுப் பாரு.”

நீ வைத்துப் பார்த்தாய். அழுத்தினாய், விட்டாய். மறுபடி காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினாய். உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். தங்கப்பனிடம், “ஒங்களுக்குக் கேக்குதா?” என்று கேட்டாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்சம் உண்டு” என்றார். கொஞ்சம் இல்லை, தெருவில் நிற்கிறவனுக்கும் கேட்டிருக்கும் என்று அவர் பின்னால் உன் அப்பாவிடம் சொன்னாராம். நீ அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாய். அதைத் தட்டிப் பார்க்கவில்லை. என் பக்கம் நீட்டினாய். நான் அழுத்திப் பார்த்துச் சரி என்றேன்.

சாக்கில் கட்டி நீ தோளில் எடுத்துக்கொண்டாய். நடந்தே வந்தோம். பாலம் வந்ததும் நான் ரோட்டுப் பக்கமாக நகர்ந்தேன். நீ என்னைக் கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளிவிட்டு வெளிப்பக்கம் வந்தாய். சற்று தூரம் போனதும் நான் மறுபடி வெளிப்பக்கம் வந்தேன். நீ கோபமாக என் தோளைப் பிடித்து நகர்த்தினாய். பின்னால் லாரி வந்தால் எனக்குக் கேட்காது என்று நீ நினைத்தாய். உனக்குக் கேட்காது என்று நான் நினைத்தேன். நடுப்பாலத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். அதே நேரத்தில் நீயும் திரும்பிப் பார்த்தாய். ரோடு காலியாகக் கிடந்தது. அதன் பிறகு அக்கரை போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.  

பலகையை நீ செய்த விதத்தையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் நீ காட்டிய வேகம் எனக்குப் பயமாக இருந்தது. பலகை சிறியதாக இருந்தால் கூம்பின் பின்பக்கத்துச் சத்தம் ஓரத்தைச் சுற்றி முன்னால் வந்து தாழ்ந்த சுரங்களைத் தின்றுவிடும், பெரிய பலகை வேண்டும் என்றாய். இடித்துப் போட்ட ஒரு வீட்டின் ஆஞ்சிலி மரக் கதவை வாங்கி வந்தாய். அதைப் படுக்கப் போட்டு, இரண்டு வட்டம் வெட்டி, வூஃபர்களை முடுக்கி, கூடத்துச் சுவரிலிருந்து ஓர் ஆள் நிற்கிற தூரம் தள்ளி நிறுத்தினாய். குறை ஸ்பீக்கரிலும் பலகையிலும்தான் என்று உனக்கு நீயே நிரூபித்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரேடியோவில் கச்சேரி. நீ குமிழைத் திருப்பினாய். உன் அப்பா வாசலிலிருந்து ஓடி வந்தார். அடுக்கில் இருந்த பாத்திரங்கள் குலுங்கின, உத்தரத்திலிருந்து தூசி விழுந்தது. “எலே, போதும்! வீடு விழுந்திரும்” என்று கையை ஆட்டினார். நீ அவரைப் பார்க்கவில்லை. இன்னும் திருப்பினாய். எனக்குப் பாதத்தில் ஏதோ ஓடியது. பக்கத்தில் போய்ப் பலகையைத் தொட்டேன். கை போதவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, குனிந்து நெற்றியைப் பலகையில் வைத்தேன். மக்கா, உன்னைப் பெற்ற பிறகு நான் மிருதங்கத்தைக் கேட்டதில்லை. எலும்பு வழியாக, முழுசாக, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எனக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது பலகையின் மறு ஓரத்தில் நீயும் நெற்றியை வைத்திருந்தாய். உன் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. நீயும் இப்போதுதான் முழுசாகக் கேட்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

நமக்கு எதிரில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் காது கேட்கிற ஒரே ஆள். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். அவர் சொன்னது உனக்கே தெரியும், நான் மறுபடி எழுதவேண்டியதில்லை. சோதனைக்கான இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தபோது தலையாட்டாத நீ, அதைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றியதும் தலையாட்டினாய். நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே உள்ள சின்ன எலும்பு இறுகுகிறது, மெதுவாகப் போகும், சிலருக்குப் பாதியில் நின்றும் விடும் என்றார். பிறக்கிற பிள்ளைகளுக்கு வருமா என்று நான் கேட்டேன். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார்.  வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சொன்னார், இது இந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று.

நாகர்கோவில் சம்பந்தம் வந்தபோதும் அதையேதான் சொன்னார். நான் எதிர்த்தேன், உனக்குத் தெரியாது. நீ ஆபீஸில் இருந்த நேரம். அவர்களிடம் சொல்லிவிடுவோம் என்றேன். அவர் கோபத்தில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும் என்று பயந்து கதவைச் சாத்தினேன். பிறகு தணிந்து, எனக்குப் புரியும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்: “எனக்குச் சொல்லியிருந்தா நான் ஒன்னக் கெட்டியிருக்க மாட்டேன். அது சத்தியம். கெட்டாம இருந்தா எனக்கு என்ன கெடச்சிருக்கும், சொல்லு? அதனாலதான் சொல்றேன், சொல்லாண்டாம்.” இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அன்பாகப் பேசிய வார்த்தை அதைப்போல வேறில்லை. நான் அழுதேன். அவர் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

ஆனால் நிச்சயதாம்பூலத்தன்று நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் வீட்டு ஆண்கள் தணிந்த குரலில் பேசினார்கள். நீ சிரித்தாய், தலையாட்டினாய். உன் மாமனாராகப் போகிறவர் ஏதோ கேட்டார். நீ ஆமாம் என்றாய். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அதை நீ கவனித்தாய். உன் கண் அங்குமிங்கும் ஓடியது. அந்தக் கண் எனக்குத் தெரியும். அது என்னுடையது. உன் அப்பாவுக்கு என்னால் நல்லதே நடந்திருக்கலாம். அந்த முதல் வருஷங்களில் எனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் நான் சொன்னதில்லை. அந்த நரகத்துக்குள் நீ மணவறையிலிருந்து நேராக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அதனால் போன வாரம், ரவிக்கைக்கு அளவு எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் தனியாக நாகர்கோவில் போனேன். களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் இப்போது வேறு ராஜ்யம். பஸ் அங்கே நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று கூட நினைத்தேன். உனக்கு நிச்சயித்த செண்பகம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அளவு நூலைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளே ஆரம்பித்தாள். உன்னை மாதிரியே முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசினாள்.

“அவியளுக்குக் காது கொஞ்சம் மந்தம், இல்லியா அத்தே?”

 எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நிச்சயத்தன்னைக்குப் பாயசம் போதுமான்னு பின்னால நின்னு கேட்டேன். பேசல்ல. மறுபடி கேட்டேன். சரி, கர்வம் பிடிச்ச ஆளுன்னு நெனச்சேன். முன்னால வந்து கேட்டதும் அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாவ. கர்வம் இல்லேன்னு தெரிஞ்சு போச்சு.”

“ஒங்க அப்பாகிட்ட சொன்னியா?”

“சொல்லல்ல.”

“ஒனக்குப் பயமா இல்லியா மோளே? நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வரலாம்னு டாக்டர் சொல்றார்.”

அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்தது. பிள்ளைகளைப் பற்றி அவள் யோசித்திருக்கவில்லை. பிறகு சொன்னாள்: “பயமாத்தான் இருக்கு. ஆனா அவிய வாயால எனக்குச் சொல்லணும். தாலிக்கு முன்னால சொன்னா நான் எங்க அப்பாவைப் பாத்துக்கிடுவேன். சொல்லாட்டி, மணவறையில வச்சுன்னாலும் வேண்டாம்னு சொல்லிருவேன். இதைக்கூட மறைக்கிற ஆளு வேற என்னத்தை எல்லாம் மறைப்பாவ?”

விளையாட்டாகச் சொல்லவில்லை மக்கா. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கவில்லை. செய்வாள். நான் நூலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அளவு எடுக்க மறந்தே போனேன்.

நான் வந்து உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவளுக்கு முன்பே தெரியும் என்று தெரிந்த பிறகு நீ போய்ச் சொல்வது அத்தனை பெரிய காரியமா என்று நீ கேட்கலாம். இல்லைதான். ஒன்றும் தெரியாமல் நீ அவள் முன்னால் போய் நிற்பதைத் தாங்கமுடியாமல் உனக்காக நான் கொஞ்சம் கோழையாகிவிட்டேன். ஆனால் காதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. டாக்டர் சொன்னது முழுவதையும் சொல். பிள்ளைகளைப் பற்றியும் சொல். உனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல். அவள் சொல்வது கேட்காவிட்டால், கேட்கவில்லை, மறுபடி சொல் என்று கேள். அதை மட்டும் நீ பழகிக்கொண்டால், நான் அனுபவித்ததில் பாதி உனக்கு இருக்காது.

உன் அப்பாவிடம் இன்று காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினார். பிறகு அந்த முதல் வருஷங்களைப் பற்றிச் சொன்னேன், எதற்கென்று தெரியாமல் சிரித்ததைப் பற்றி.  “எங்கிட்டயும் நடிச்சியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் போகும்போது, நாளைக்குத் தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியாக அவர் உதட்டைப் பார்த்தேன்.

அவள் சம்மதிப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ சொல்வதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளை நினைத்து, வேண்டாம் என்று அவள் சொல்லிவிடலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. அப்படி ஆனால் இந்த வீட்டில் நாம் மூன்று பேரும் எப்படி முகம் பார்த்துக்கொள்வோம் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் போ. உன் வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து உன் அறைக் கொடியில் போட்டிருக்கிறேன். கூட நான் வரவேண்டும் என்றால் வருகிறேன், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்றால், விடிந்ததும் காப்பி போட்டு வைக்கிறேன், குடித்துவிட்டுக் கிளம்பு.

அம்மா